மூஞ்சி பார்த்து மார்க் போட்டவள்

"அக்கா, கொஞ்சம் இப்டி திரும்புங்க" என்பாள். திரும்பினால் தொலைந்தோம். ஓரடி தூரத்தில் நின்றுகொண்டு நம் முகத்துக்கு நேராக ஒரு வசவைச் சொல்வாள். அதில் கோபமும் இருக்காது, கிண்டலும் இருக்காது. காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவர்களின் அக்கறை மட்டும் இருக்கும். சொல்லிவிட்டு இரண்டு கண்ணாலும் நம் முகத்தையே பார்ப்பாள். பிறகு "தேங்ஸ்க்கா" என்று தன் இடத்துக்குப் போய்விடுவாள். முதல் வாரம் நான் அவளைக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

இத்தனைக்கும் எங்களுக்குச் சம்பளமே வசவுகளுக்கு மார்க் போடத்தான். செகந்திராபாத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் ஆறு தமிழர்கள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம். ஏதோ ஒரு செயலியில் ஜனங்கள் எழுதுகிற கமென்ட்டுகளிலிருந்து வட்டார வார்த்தைகளைப் பொறுக்கி, ஒரு ஷீட்டில் வரிசையாக அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மார்க். சைபர் என்றால் யாருக்கும் வலிக்காது, போகட்டும். மூன்று என்றால் அந்த வார்த்தை இருக்கிற கமென்ட்டை மெஷினே மறைத்துவிடும். ஒரு வார்த்தையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவர் மார்க்கும் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் ஸ்கோர் குறையும். ஸ்கோர் குறைந்தால் வேலை நிலைக்காது. ஆகையால் நாங்கள் தனித்தனியாகப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டோம். பக்கத்து ஸ்க்ரீனை எட்டிப் பார்த்து அதே மார்க்கைப் போட்டுவிடுவோம்.

அந்த மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன், பேனா, துண்டுக் காகிதம் எல்லாம் வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பாத்ரூம் போனால் எத்தனை நிமிஷம் என்று கார்டு காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல்கள் பெரியவை, திறக்காதவை. எட்டரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து ஊர் ஊராக வசவு படித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் யார் பேசினாலும் திட்டுவது போலவே கேட்கும்.

அவளுக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். எங்களில் இளையவள். மற்ற ஐந்து பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அவள் மட்டும் இங்கேயே பிறந்தவள். கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் கலாசி வேலைக்கு வந்தாராம். அதற்குப் பிறகு ரயில்வே காலனியை விட்டு யாரும் நகரவில்லை. "எங்க வூட்டுத் தமிழு, அதுல பாதி உருது, கால்வாசி தெலுகு" என்று அவளே சொல்லுவாள். ஏன் என்பதற்குக் "கைக்கு", வேண்டாம் என்பதற்கு "நக்கோ", ஆமாம் என்பதற்கு "ஹவ்". அவள் வாயைத் திறந்தால் நாங்கள் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் டீம் லீடு குமரேசனுக்கு அவளுடைய முறை பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வார்த்தை முடிக்க வேண்டிய இடத்தில் அவள் அறுபதில் நிற்பாள். "வார்த்தைய வாசிச்சமா, மார்க்கப் போட்டமான்னு இருக்கணும் பிள்ள" என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அவள், "வார்த்தைல இன்னா கீது சார்? மூஞ்சிலதான கீது" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது. எங்களுக்கு எங்கள் ஊர் வசவு தெரியும், பக்கத்து ஊர் வசவு பாதி தெரியும், மீதியை நாங்களாகவே ஊகித்துவிடுவோம். அவளுக்கு எதுவுமே தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் தெரியாது. அதனால் யாரைச் சொன்னால் வலிக்குமோ அவரைத் தேடிப் போய்ச் சொல்லிப் பார்த்துவிடுவாள். கான்டீனில், லிஃப்டில், டீக்கடையில். வார்த்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வருவாள், முகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போவாள். சாயங்காலம் ஆபீஸ் கேபில் ஏறியதும் ஒரு நோட்டை எடுத்து, அன்றைய முகங்களைச் சின்னச் சின்ன வட்டமாக வரைந்துவிடுவாள். புருவம் ஒரு கோடு, வாய் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் யார் என்று தெரியும்.

ஒரு நாள் என்னைத் திருப்பி நிறுத்தி, "சவத்து மூதி" என்றாள். எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அம்மாவின் செருப்பைவிட முன்னால் வருவது அந்த வார்த்தைதான். பால் பொங்கினாலும் மூதி, பரீட்சையில் முதலாவது வந்தாலும் மூதி. அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கியும் போனது. அவள் உடனே போய் அதையே எங்கள் டீமில் இருந்த சென்னைக்காரத் தம்பியிடம் சொன்னாள். அவன் முகம் சுண்டிவிட்டது. "என்ன அக்கா, பொணம்ங்கறா என்னைப் பாத்து" என்று என்னிடம் வந்து முறையிட்டான். அன்றைக்கே அவன் அவளைப் பழிவாங்கினான். சென்னையில் ஆட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் கொஞ்சிக்கொள்வது போலச் சொல்லும் "பேமானி"யை அவளிடம் சொன்னான். அவள் நிஜமாகவே ஓரடி பின்னால் போய்விட்டாள். அவர்கள் காலனியில் அது நாணயம் கெட்டவனைச் சொல்வது. அந்த வார்த்தைக்காக அவளுடைய சித்தப்பா ஒருவர் அண்டை வீட்டாரிடம் பதினோரு வருஷமாகப் பேசவில்லையாம். தன் முகத்தைத் தானே வரைய முடியாதே என்று அவளுக்குக் கவலை. நான்தான் நோட்டில் வரைந்து கொடுத்தேன். அசிங்கமாக வந்தது.

"கொல்டி" என்று ஒரு வார்த்தை உண்டு. தெலுங்குக்காரர்களை நம்மவர்கள் சொல்வது. அது ஷீட்டில் வந்தபோது நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சைபர்தான் என்றோம். சும்மா கேலிதானே, யாருக்கு வலிக்கப்போகிறது? அவள் எங்கள் கேப் டிரைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நல்ல மனிதர், தெலுங்குக்காரர், எப்போதும் எதையாவது பேசிக்கொண்டே ஓட்டுகிறவர். அன்று ஒன்றும் பேசவில்லை. பேகம்பேட் தாண்டிய பிறகுதான், சென்னையில் நான்கு வருஷம் ஓட்டியதாகவும், அங்கே தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்றும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ, "எங்கள ஸ்கூல்ல 'அரவம் அரவம்'னு கிண்டல் பண்ணுவாங்க அண்ணா. தமிழுன்னு அர்த்தம், ஆனா சொல்றப்போ மூக்க சுளிப்பாங்க. நான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் வாங்கிக்கிறேன்" என்று அவரைச் சிரிக்க வைத்தாள்.

மறுநாள் அவள் கொல்டிக்கு மூன்று போட்டாள். அப்போதுதான் எங்களுக்கு அந்த விதியே தெரிய வந்தது. யாராவது மூன்று போட்டு மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், கம்பெனிக்கு வேலை கொடுத்தவர்களோடு ஒரு வீடியோ கால் நடக்கும். ஷீட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: யாருக்கு வலிக்கும்? அதில் எங்கள் டீமில் உள்ள ஒருவரின் பெயரைப் போட வேண்டும். அவர் அந்த வீடியோ காலில் வந்து, ஆமாம், இது என்னைப் புண்படுத்தும் வார்த்தை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். டிரைவர் சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார் என்றால் செல்லாது. தமிழ் டீமில் தெலுங்குக்காரர் எப்படி இருப்பார்? கொல்டி சைபரானது. அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இனி என் கதைக்கு வர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊரில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்களை மற்றத் தெருக்காரர்கள் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். தாத்தா காலத்தில் எங்கள் சாதிக்குக் கொடுத்த வேலையிலிருந்து வந்த வார்த்தை. பிறகு அது மாவட்டம் முழுவதும் அழுக்கானவன், துப்புரவில்லாதவன் என்ற பொருளில் சர்வ சாதாரணமாகப் புழங்க ஆரம்பித்துவிட்டது. குமரேசன் எங்கள் மாவட்டத்துக்காரர். மேஜையில் காபிக் கறை இருந்தால், சட்டை கசங்கியிருந்தால், டிபன் டப்பாவைக் கழுவாமல் வைத்திருந்தால், சிரித்துக்கொண்டே அதைச் சொல்வார். தன் சட்டையில் சாம்பார் சிந்தினால் தன்னையே சொல்லிக்கொள்வார். சொல்லும்போது என்னைப் பார்த்து, ஊர்க்காரி என்ற உரிமையில் கண்ணைச் சிமிட்டுவார். நானும் சிரிப்பேன்.

ஏன் சிரித்தேன் என்றால், அவருக்கு நான் எந்தத் தெரு என்று தெரியாது. இந்த ஊருக்கு வந்த புதிதில் மூன்று வீடு பார்த்தோம். மூன்றும் தமிழர் வீடுகள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதோடு வீடு வேறு யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது என்பார்கள். குமரேசன்தான் லோத்குண்டாவில் தன் தாய்மாமா வீட்டின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் கொடுத்தார். மாமா கன்டோன்மென்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே, நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டார். என் கணவர் கொஞ்சமும் தயங்காமல் வேறொரு சாதியின் பெயரைச் சொன்னார். நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுதான். சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கேஸ் இணைப்பிலிருந்து என் மகள் மதியின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் குமரேசன் செய்து கொடுத்தார். மதி மாடியிலேயே வளர்ந்தாள். மாமிதான் தலை வாரிவிடுவாள். அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஊரிலிருந்து என் அம்மாவை மட்டும் ஒரு தரம்கூட வரவழைக்க முடியவில்லை. அம்மா இரண்டு வார்த்தை பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த வார்த்தை ஒரு நாள் என் ஸ்க்ரீனில் வந்து நின்றது. மூன்று போட்டால் கடைசிக் கட்டத்தில் பெயர் கேட்கும். நான் சைபர் போட்டேன். சென்னைக்காரத் தம்பி அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை, என் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்து அவனும் சைபர் போட்டான். இருவருக்கும் ஸ்கோர் ஏறியது.

பத்தில் ஒரு வார்த்தையை மூன்றாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று இருந்தது. அது அவளிடம் போய்விட்டது.

மறுநாள் காலை கேபில் அவளும் நானும்தான் இருந்தோம். நான் லோத்குண்டாவில் ஏறுவேன், அவள் செகந்திராபாத்தில் காலனி வாசலில் ஏறுவாள். பேகம்பேட் பாலத்தின் மேல் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டன. அவள் நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, "உங்க பக்கத்து வார்த்தையாம் அக்கா. ரெண்டு பேரு சைபர் போட்டுகீறாங்க, யாருன்னு காட்டாது" என்றாள். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. சொல்லிவிட்டாள்.

நான் சிரித்தேன். ஆறு வருஷமாகப் பழகி வைத்திருந்த சிரிப்பு அது. "அது சும்மா சொல்றதுட்டி" என்றேன். என் முகம் வேறென்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். கதவைத் திறந்து இறங்கி நடக்கலாம் என்றால் கதவு திறக்கிற அளவுக்குக்கூட இடம் இல்லை. அவள் பென்சிலை எடுக்கவே இல்லை. நோட்டை மூடிவிட்டு, "உங்களாண்ட இத சொல்லிருக்கக் கூடாதுக்கா. மன்னிச்சிருங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் ஷீட்டைத் திறந்தபோது அந்த வார்த்தைக்கு எதிரே அவள் போட்ட மூன்று இருந்தது, கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குமரேசனுக்கு எரிச்சல். டீம் ஸ்கோர் விழுந்துவிட்டது, வியாழக்கிழமை வீடியோ கால் வைத்திருக்கிறார்கள், வீட்டில் பிள்ளைகளைக் கொஞ்சுகிற வார்த்தைக்குப் போய் யாராவது மூன்று போடுவார்களா என்று புலம்பினார். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

புதன்கிழமை கேபில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவருக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, மாமா, மதி, அம்மா, எல்லாம். கட்டிய கணவனைத் தவிர யாரிடமும் சொல்லாததை, என்னைவிடப் பத்து வயது சின்னவளிடம் சொல்லி அழுதேன். "அத சைபராக்கிருட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றேன்.

அவள், "சைபர்னா அது எல்லார் போனுக்கும் வரும்க்கா. மதி பெருசானா அது போனுக்கும் வரும்" என்றாள்.

"வந்தா வரட்டும். இப்ப வீடு போயிரும்ட்டி."

அவள் என் கையை விடாமல், வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "உங்க பேரு வராதுக்கா" என்றாள். மாற்றிவிடுவாள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அந்த வீடியோ கால் நடந்தது ஒரு சின்னக் கண்ணாடி அறையில். குமரேசன், அவள், நான், சென்னைக்காரத் தம்பி. திரையில் ஒரு பெண், மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினாள். இங்கே என் பக்கத்தில் இருந்தவள் மார்க்கை மாற்றியிருக்கவில்லை. குமரேசன் தான் அந்த மாவட்டத்துக்காரன் என்றும், இது எல்லார் வீட்டிலும் சாதாரணமாகச் சொல்வதுதான் என்றும் விளக்கினார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். இவரும் அதே மாவட்டம்தான், கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். இது கேலிக்குச் சொல்வது, நாங்களே எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம், யாருக்கும் வலிக்காது என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். என் அப்பாவை நினைத்துக்கொண்டேன், உடனே நினைப்பதை நிறுத்திக்கொண்டேன். திரையில் இருந்த பெண் நன்றி சொல்லிவிட்டு, புண்படுகிறவர் யாரும் டீமில் இல்லாததால் சைபர் என்று போட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"எனக்கு வலிக்கும்" என்றாள் இவள். தமிழில்தான் முதலில் சொன்னாள். "அது எங்க ஆளுங்கள சொல்ற வார்த்தை." பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.

திரையில் இருந்த பெண் இரண்டு தரம் வருத்தம் தெரிவித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் இவள் பெயரைத் தட்டச்சு செய்தாள். குமரேசனின் காது சிவந்துவிட்டது. எல்லார் முகத்தையும் பார்த்துப் பிழைத்தவள் அன்று ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

குமரேசன் கெட்டவர் இல்லை. வெளியே வந்ததும் எல்லார் முன்னிலையிலும், "தெரியாமச் சொல்லிட்டேம்மா, மனசுல வச்சிக்கிடாத" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஆபீஸில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவளை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதும் இல்லை.

எங்களுக்கு மத்தியானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு டப்பாவையும் நடு மேஜையில் திறந்து வைத்துவிடுவோம், யார் கை எதில் வேண்டுமானாலும் போகும். முதலில் காலியாவது எப்போதும் அவளுடையதுதான். அவள் அம்மா செய்கிற தால்ச்சாவும் பகாரா கத்திரிக்காயும் எங்களில் யாருக்கும் செய்யத் தெரியாது. குமரேசன் டப்பாவை வழித்தே சாப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை அவள் டப்பா நிறைந்தபடியே இருந்தது. ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, குமரேசன் அன்று விரதம் என்றார். அவள் நடுவில் தள்ளிவைத்த டப்பாவைக் கொஞ்ச நேரம் கழித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானாவது எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. குமரேசன் என் எதிரே உட்கார்ந்திருந்தார், அவர் எடுக்காததை நான் எடுத்தால் என்னையும் ஒரு கணம் யோசிப்பாரோ என்று பயந்தேன். என் கை என் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. என் சொந்தச் சாதியின் பேரால் அவளை ஒதுக்கி வைத்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

கை கழுவும் இடத்தில் குமரேசன் தாழ்ந்த குரலில், "நல்ல பிள்ளதாங்க்கா. ஆனா இத்தன நாளா ஒண்ணாத் தின்னுருக்கோம், பாத்தாத் தெரியலயே, இல்லியா?" என்றார்.

"ஆமா, தெரியல" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் டப்பாவை நடுவில் வைப்பதை நிறுத்திவிட்டாள். யாரையும் திருப்பி நிறுத்தி வார்த்தை சொல்லிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். வேகம் கூடியது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வார்த்தை முடித்தாள். மற்றவர்கள் போடுகிற மார்க்கையே போட்டாள். குமரேசன் பாராட்டினார்.

கேபில் மட்டும் அவள் பழைய மாதிரியே இருந்தாள். காலனியில் நடந்த சண்டைகளைச் சொல்லுவாள், டிரைவரோடு தெலுங்கில் வம்பளப்பாள். ஒரு காலையில் என்னால் தாங்க முடியாமல், நான் குமரேசனிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவள் சும்மா பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. "நக்கோ அக்கா, விடுங்க" என்றாள். பிறகு, "எங்க வூட்ல கேட்டேன், நாம இன்னா ஆளுங்கன்னு. அப்பா 'ரயில்வே ஆளுங்க'ன்னாரு. கொள்ளுத்தாத்தா எதுக்கு ஊர வுட்டு வந்தாருன்னு யாருக்கும் தெரில. இந்த மாதிரி வார்த்தைக்கு பயந்தேகூட வந்திருக்கலாம்ல?" என்றாள். "அப்டின்னா நான் பொய்யே சொல்லலியே அக்கா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் தெலுங்கு டீமுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு கட்டடத்துக்குப் போனாள். கேபும் மாறிவிட்டது. அங்கிருந்தும் விலகிவிட்டதாகப் பிறகு டிரைவர் சொன்னார். எண் என் போனில் இருக்கிறது. இரண்டு வருஷமாகிறது, நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? அதே வீட்டில் இருக்கிறேன் என்றா? அதே மாடியில், அதே நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போடுகிறேன் என்றா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். நைட்டி முழுக்க மாவு. மாடியிலிருந்து மதி இறங்கி வந்தாள். தமிழில் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசாதவள் அவள். நான் தமிழில் கேட்டால் இந்தியிலோ தெலுங்கிலோதான் பதில் வரும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னாள். அட்சர சுத்தமாக, மாமா சொல்கிற அதே இழுவையோடு சொன்னாள். சொல்லிவிட்டு நான் சிரிக்கப்போகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. கிரைண்டரை நிறுத்தினேன். சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். அவளைக் கிட்டே இழுத்து, "அத சொல்லக் கூடாது மதி. சொன்னா வலிக்கும்" என்றேன்.

"கிஸ்கோ மம்மி?" என்றாள். யாருக்கு என்று கேட்கிறாள்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவளுக்கு ஒன்பது வயது, எதைக் கேட்டாலும் மாடியில் போய் ஒப்பிப்பவள். தலைக்கு மேலே மாமா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இருந்தா" என்றேன். "அவளுக்கு."

மதி கொஞ்சம் யோசித்தாள். "பாவம் அந்த அக்கா" என்று தமிழிலேயே சொன்னாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் கிரைண்டரைப் போட்டேன்.